கீட்ஸின் தொண்டை

ஜான் கீட்ஸ் க்ஷயரோகத்தில் இறந்தார் என்பது பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் எடுத்த எவனுக்கும் தெரியும். கவிதையைத் தொடுவதற்கு முன் எங்கள் பேராசிரியர் ஐந்து நிமிஷம் இருமலைப் பற்றிப் பேசினார். ரத்தம், ரோமாபுரி, 25 வயது. அப்போது வகுப்பில் இருந்த நிசப்தம் பிறகு கவிதை நடந்தபோது இருக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் வராத விஷயங்கள் இரண்டு. ரத்தம் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே அவருக்கு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு தொண்டை வலி இருந்தது. அந்தத் தொண்டை வலிக்குச் சுமார் பத்து மாதம் முன்பு அவர் பாதரசம் சாப்பிட்டிருந்தார். ரத்தத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. பாதரசத்துக்கும் தொண்டைக்கும் நடுவே என்ன நடந்தது, அதைப் படித்தவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

1817 செப்டம்பரில் கீட்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் பெய்லி என்ற நண்பரின் அறையில் தங்கி ‘எண்டிமியன்’ மூன்றாம் காண்டத்தை எழுதிக்கொண்டிருந்தார். லண்டன் திரும்பியபின் அக்டோபர் 8ஆம் தேதி பெய்லிக்கு எழுதிய கடிதத்தில், தான் உட்கொண்ட கொஞ்சம் பாதரசம் விஷத்தைச் சரிசெய்துவிட்டது, உடம்பு தேவலை, ஆனால் பழைய திடம் இனி நிச்சயமில்லை என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. என்ன விஷம் என்று எழுதவில்லை. பெய்லி பாதிரியாராவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவருக்கு இதை எழுதும்போது பாவமன்னிப்புக் கேட்கும் குரல் எதுவும் கீட்ஸிடம் இல்லை. வானிலை சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். வெட்கப்பட்டதெல்லாம் பிற்பாடு வந்தவர்கள்.

அந்தக் காலத்தில் பாதரசம் பல வியாதிகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஈரலுக்குக் கொடுத்தார்கள், வீக்கங்களுக்குக் கொடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். ஆனால் ‘விஷம்’ என்ற சொல் அதன் பக்கத்தில் வந்து உட்காரும்போது அன்றைய வைத்தியனின் மனம் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும். ஜான் ஹண்டர் என்ற பெரிய ஸர்ஜன் 1767இல் ஒரு பரிசோதனை செய்தார். வெட்டைநோய் கண்ட ஒருவனின் சீழை எடுத்து வேறோர் உடம்பில் ஏற்றினார். தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. அதைப் பற்றித் தர்க்கம் உண்டு. ஏற்றிய உடம்பில் வெட்டையோடு கிரந்திப் புண்ணும் வந்தது. சீழ் கொடுத்தவனுக்கு இரண்டு வியாதியும் இருந்திருக்க வேண்டும் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. ஹண்டர் கண்ட முடிவு வேறு: இரண்டும் ஒரே விஷம், இடத்துக்கு இடம் ரூபம் மாறுகிறது. 1786இல் இதைப் புத்தகமாகவும் போட்டார். பெஞ்சமின் பெல் 1793இல் எதிர்த்து எழுதினார். ஆனாலும் 1838இல் பாரிஸில் ரிகோர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்வரை அந்தக் குழப்பம் ஓயவில்லை. ஒரு மேதையின் பிழை அரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது. விமர்சனத்திலும் இது உண்டு என்பதைச் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கீட்ஸ் இந்த வைத்திய சாஸ்திரத்துக்கு வெளியே நின்றவர் அல்ல. எட்மண்டனில் தாமஸ் ஹாமண்ட் என்ற ஸர்ஜனிடம் பழகுநராக இருந்தார். 1815 அக்டோபரில் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அறுவைக்குப் பின் காயம் கட்டும் டிரஸ்ஸர் வேலை பார்த்தார். 1816 ஜூலையில் மருந்து கொடுத்துத் தொழில் நடத்த உரிமம் பெற்றார். அங்கே அவர் விரிவுரை கேட்ட ஆஸ்ட்லி கூப்பர் ஹண்டரின் மாணவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் குருவை மறுத்தவர். பின்னர் அச்சான அவருடைய விரிவுரைகளில், வெட்டைக்குப் பாதரசம் கொடுக்கும் வைத்தியர்களைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார். கீட்ஸின் காதில் இது விழுந்திருக்குமானால், ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது வெறும் வெட்டைதான் என்று சொல்கிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வெட்டைக்கு வேண்டாத மருந்தை இந்த மாணவன் ஏன் விழுங்கினான்? அவன் அஞ்சியது அதைவிடப் பெரிய ஒன்றை என்று எனக்குத் தோன்றுகிறது. அஞ்சினான் என்றுதான் சொல்கிறேன், இருந்தது என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் நம் சரிதக்காரர்களின் பழக்கம்.

அந்தப் பெரிய வியாதிக்குப் பெயர் வந்த கதை கவிதைக்காரர்கள் கேட்க வேண்டியது. வெரோனா நகரத்து வைத்தியர் ஃப்ரகாஸ்டோரோ 1530இல் லத்தீனில் ஒரு நீள்கவிதை வெளியிட்டார். அதில் சூரியதேவனை அவமதித்துச் சாபம் வாங்கும் இடையனின் பெயர் ஸிஃபிலஸ். வைத்திய உலகம் அவன் பெயரையே வியாதிக்கு வைத்துக்கொண்டது. அதற்கு முன் ஒவ்வொரு தேசமும் பக்கத்துத் தேசத்தின் பெயரை அதற்கு வைத்திருந்தது. இங்கிலாந்தில் அது பிரெஞ்சு வியாதி. பிரான்ஸில் நேப்பிள்ஸ் வியாதி. 16ஆம் நூற்றாண்டு ஸம்ஸ்கிருத வைத்திய நூலான பாவப்பிரகாசத்தில் ஃபிரங்க ரோகம். நமக்குப் பறங்கிப்புண், அதற்குக் கொடுத்த வேர் பறங்கிப்பட்டை. இங்கேயும் ரசம்தான் பெரிய மருந்து. ஹண்டர் இரண்டை ஒன்றாக்கியது போதாதென்று நம் ‘மேகம்’ இன்னும் தாராளமானது. வெட்டையும் அதில் அடங்கும், கிரந்தியும் அடங்கும், மதுமேகம் என்று நீரிழிவும் அடங்கும். இருமலைக் குறிக்கும் காசம் என்ற ஸம்ஸ்கிருதச் சொல் இன்று நமக்கு ஒரு குறிப்பிட்ட கிருமி நோயின் பெயராகிவிட்டது. ‘காசமா?’ என்று கேட்கிறவன் வெறும் இருமலைக் கேட்கவில்லை.

இனி தொண்டைக்கு வருவோம். 1818 ஜூன் கடைசியில் சார்ல்ஸ் பிரௌன் என்ற நண்பருடன் கீட்ஸ் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கால்நடையாகச் சுற்றக் கிளம்பினார். ஜூலை கடைசியில் மல் தீவின் சதுப்பில் நனைந்து நடந்ததில் சளியும் தொண்டை வலியும் பிடித்தன. ஆகஸ்ட் 2ஆம் தேதி அதோடேயே பென் நெவிஸ் மலை ஏறினார். இன்வர்னஸில் பார்த்த வைத்தியர் ஊருக்குத் திரும்பச் சொன்னார். ஆகஸ்ட் 18ஆம் தேதி ஹாம்ப்ஸ்டெட் வந்து சேர்ந்தபோது தம்பி டாம் படுக்கையில் கிடந்தான். தாயார் 1810இல் எதனால் போனாரோ அதேதான். 14 வயதில் தாய்க்குப் பணிவிடை செய்தவர் 22 வயதில் தம்பிக்குச் செய்தார். டாம் 1818 டிசம்பர் 1ஆம் தேதி, 19 வயதில் இறந்தான்.

இரண்டு சகோதரர்களையும் பார்த்த வைத்தியர் ஸாலமன் ஸாவ்ரி. கீட்ஸின் தொண்டைக்காக அவரை வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டளையிட்டார். அதாவது, இருமிக்கொண்டிருந்த தம்பியின் பக்கத்திலேயே இரு என்று கட்டளையிட்டார். அன்றைய இங்கிலாந்தில் க்ஷயம் ஒட்டும் என்று வைத்தியர்கள் நம்பவில்லை. அது குடும்ப வாகு, தேகவாகு. இந்த ஸாவ்ரி 1802இல் ஒரு நூல் எழுதியிருந்தார். பால்வினை விஷம் மனித உடம்பில் செய்யும் வேலைகளைப் பற்றியது அது. அந்த நூலின் ஆசிரியர் தீராத ஒரு தொண்டையை விளக்கு வைத்துப் பார்க்கும்போது அங்கே என்ன தேடியிருப்பார்? 1818 இலையுதிர் காலத்தில் கீட்ஸ் மறுபடி பாதரசம் எடுத்திருக்கலாம் என்பது பிற்காலத்தவர் சிலரின் ஊகம். கடிதங்களில் சாட்சியம் இல்லை, ஊகமாகவே வைத்துக்கொள்ளலாம். தேடப்பட்ட இடம் எது என்பதுதான் எனக்கு முக்கியம்.

தொண்டை ஒரு விசித்திரமான இடம். கிரந்தி இரண்டாம் கட்டத்துக்கு வரும்போது வாயிலும் தொண்டையிலும் புண் வரும். இதை அன்றே அறிந்திருந்தார்கள். அதற்குக் கொடுக்கும் பாதரசம் அளவு மீறினால் எச்சில் ஊறும், ஈறு வெந்து போகும், வாயெல்லாம் புண்ணாகும், கை நடுங்கும், மனம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழும். ஆக, மருந்து உண்டாக்கிய புண்ணையே நோயின் புண் என்று எடுத்துக்கொண்டு மேலும் மருந்து கொடுக்கலாம். இந்தச் சுழலில் சிக்கி அழிந்தவர்கள் ஐரோப்பா முழுவதும் இருந்தார்கள். மூன்றாவதாக, நுரையீரலில் க்ஷயம் முற்றும்போது கிருமி நிறைந்த சளி குரல்வளையைத் தொட்டுக்கொண்டுதான் வெளியேறுகிறது. அங்கும் புண் வரும், குரல் கம்மும், விழுங்கினால் வலிக்கும். மூன்று வேறு காரணங்கள் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. லேனெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தது 1816. அதைப் பற்றிய நூல் வந்தது 1819. மார்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கும் கருவி ஹாம்ப்ஸ்டெட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே தொண்டையைப் பார்த்தார்கள். தொண்டையில் தெரிந்தது, பார்த்தவரின் நூலில் ஏற்கனவே இருந்தது.

இதெல்லாம் 200 வருஷத்துக்கு முந்திய சமாசாரம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. என்னுடன் வங்கியில் கவுண்டரில் உட்காரும் ஒருவர், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஒரு சமயம் ஏழெட்டு வாரம் இருமிக்கொண்டிருந்தார். தொண்டையில் ஏதோ முள் குத்துவதுபோல் இருக்கிறது என்பார். பேசுவதற்கு முன் செருமுவார், வாடிக்கையாளர் நிமிர்ந்து பார்ப்பார். அதற்கு முன்பு ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது லாட்ஜில் ஒரு ராத்திரி நடந்தது அவர் மனசில் இருந்தது. இருமலையும் அந்த ராத்திரியையும் அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார். மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் ஊர் ஊராக லாட்ஜில் வந்து உட்கார்ந்து ‘ரகசிய நோய்’களுக்கு மருந்து தரும் ஒருவரிடம் போனார். லேகியம் வாங்கினார். கிரந்திக்கான ரத்தப் பரிசோதனையை வெவ்வேறு இடங்களில் மூன்று தடவை செய்துகொண்டார். மூன்றும் இல்லை என்றன. அதை அவர் நம்பவில்லை. பயம் ஒரு தீர்மானத்துக்கு வந்த பிறகு சாட்சியம் எதற்கு? மனைவியிடம் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாததால், சளியைக் கொண்டுபோய்க் காட்டு என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி பார்க்க வேண்டும் என்று அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவர் தினம் பஸ் பிடித்தார்.

கடைசியில் ரத்தம் வந்தது. சளியில் காசக் கிருமி இருந்தது. ஆறு மாத மருந்து, குணமாகிவிட்டார். எனக்கு மறக்காதது வேறு. காசம் என்று தெரிந்த அன்று அவருக்கு வந்தது துக்கமில்லை, நிம்மதி. ‘டி.பி.தானாம்’ என்று சொன்னார். அந்த ‘தானாம்’ என்பதில் ஒரு நூற்றாண்டு இலக்கியமும் சினிமாவும் இருக்கிறது. அடுத்த வாரம் அவருடைய நாலு வயதுப் பெண்ணைப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் நிம்மதி கலைந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

இன்றைய வைத்தியம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. வெட்டையின் கிருமி தொண்டையில் குடியேறலாம். பெரும்பாலும் அது இருப்பதே தெரியாது, வாரக்கணக்கான இருமல் அதன் குணமல்ல. கிரந்தி தொண்டையில் புண் வைக்கலாம். அதற்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பெனிசிலின் இருக்கிறது. ஆனால் வரலாறு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. உடலுறவில் தொற்றும் நோய்க்கும் இருமலுக்கும் கீட்ஸ் காலத்தில் ஏற்றிச் சொன்ன சம்பந்தம் 1980களுக்குப் பிறகு வேறொரு வழியில் உண்மையாகிவிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அந்தக் கிருமி உடம்பின் காவலைக் குலைக்கிறது, குலைந்த இடத்தில் காசம் புகுகிறது. ஆகவே காசம் கண்ட எல்லோருக்கும் இன்று அந்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். என் நண்பருக்கும் செய்தார்கள். இல்லை என்று வந்தது. இந்தத் தடவை நம்பினார்.

ஸூஸன் ஸொன்டாக் 1978இல் நோய்கள் உருவகமாவதைப் பற்றி எழுதியபோது க்ஷயத்துக்கு ஜோடியாகப் புற்றுநோயை எடுத்துக்கொண்டார். அவருடைய சொந்த அனுபவம் அப்படி. 19ஆம் நூற்றாண்டைப் பொறுத்தவரை க்ஷயத்தின் நிஜமான ஜோடி கிரந்திதான் என்பது என் எண்ணம். ஒன்று ஆத்மாவின் வியாதி, மற்றது சதையின் வியாதி. ஒன்று கவிஞனைத் தேர்ந்தெடுக்கிறது, மற்றது தண்டிக்கிறது. இரண்டும் ஒரே தொண்டையில் ஒரே சமயத்தில் சந்தேகிக்கப்படலாம் என்பதை இந்த ஏற்பாடு தாங்காது.

தாங்காததால்தான் சரிதங்கள் அப்படி எழுதப்பட்டன. கீட்ஸ் தொண்டை வலியோடு ஊர் திரும்பிய அதே 1818 ஆகஸ்டில் ‘பிளாக்வுட்ஸ்’ பத்திரிகை அவரை மருந்துக் கடைக்கே திரும்பிப் போகும்படி ஏளனம் செய்தது. செப்டம்பரில் ‘குவார்ட்டர்லி’யின் தாக்குதல். 1821இல் ஷெல்லி ‘அடோனிஸ்’ எழுதி, கொன்றது விமர்சகன் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டார். பைரன் அதைக் கிண்டல் செய்தும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. கிருமி தெரியாத காலத்தில் விமர்சகன் ஒரு வசதியான கிருமி. நம்மிடம் இது இல்லையா? புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காசத்தில் இறந்தார். அந்த மரணத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் சமூகம் கொன்றது, வறுமை கொன்றது என்றுதான் பேசுகிறோம். வறுமைக்கும் காசத்துக்கும் உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் அழுகிற அழுகையில் அவருடைய நுரையீரல் இல்லை, நம்முடைய தியாகக் கதைதான் இருக்கிறது.

வில்லியம் மைக்கேல் ரோஸெட்டி 1887இல் எழுதிய கீட்ஸ் சரிதத்தில் பாதரச விவகாரம் தலைகாட்டியது. 1925இல் ஏமி லோவெல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அதில் ஒரு தாயின் கோபத்தோடு அதை மறுத்தார். பாதரசம் எத்தனையோ வியாதிக்குக் கொடுக்கப்பட்டது என்பது அவர் வாதம். வாதம் சரி. கோபம் எதற்கு? 1968இல் ராபர்ட் கிட்டிங்ஸ் வெட்டைதான் என்று அடித்துச் சொன்னார். லோவெலுக்குக் கவிஞன் சுத்தமாக இருக்க வேண்டும். கிட்டிங்ஸுக்கு அவன் மற்ற வாலிபர்களைப் போல இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் கேள்வி அவன் நடத்தையைப் பற்றியதாகவே இருக்கிறது. பயத்தைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். தன் உடம்பில் விஷம் இருக்கக்கூடும் என்று நினைத்த, வைத்தியம் படித்த ஒரு 22 வயதுப் பையன், தம்பியின் மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தொண்டை வலிக்கும்போது எந்த மரணத்தை நினைத்தான்? 1819 ஆரம்பத்திலும் தொண்டை விடவில்லை. பெரிய கவிதைகள் அந்த வருஷத்தில்தான் வந்தன. அவற்றில் இன்பத்தின் பக்கத்திலேயே விஷம் வந்து நிற்பதை ரஸவாதமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். மருந்துக் கடைக்காரனுடைய சொல் அது என்பதை நம் வகுப்பறைகள் சொல்வதில்லை.

1820 பிப்ரவரி 3ஆம் தேதி ராத்திரி, கோச்சு வண்டியின் வெளி இருக்கையில் குளிரில் வந்து இறங்கி, படுக்கப்போகும்போது இருமினார். துப்பட்டியில் ஒரு துளி. பிரௌனிடம் மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொன்னார். நிறத்தைப் பார்த்து, இது தமனி ரத்தம், இனிப் பிழைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அன்று நோயைச் சரியாகப் படித்தது நோயாளி ஒருவன்தான். ஸர்ஜன் வந்து ரத்தம் எடுத்தார், ரத்தம் போனவனிடமிருந்து. மார்ச்சில் ராபர்ட் ப்ரீ என்ற நிபுணர் வந்து பார்த்துவிட்டு, நுரையீரலில் கோளாறு இல்லை, எல்லாம் நரம்புத் தளர்ச்சி, மனக்கவலை என்றார். நவம்பரில் ரோமாபுரியில் ஜேம்ஸ் கிளார்க் முதலில் வயிற்றைத்தான் சந்தேகித்தார். அரைப்பட்டினிப் பத்தியமும் ரத்தம் எடுப்பதும் அங்கேயும் தொடர்ந்தன. தொண்டை, நரம்பு, வயிறு. 1821 பிப்ரவரி 23ஆம் தேதி இறந்தபிறகு உடலைத் திறந்தார்கள். நுரையீரல் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் மிச்சமிருக்கவில்லை.

இத்தாலியில் சட்டம் வேறு. க்ஷயம் ஒட்டும் என்பது அங்கே அரசாங்கத்தின் நம்பிக்கை. போலீஸ் வந்தது. அறையிலிருந்த சாமான்களை எரித்தார்கள், சுவரைச் சுரண்டினார்கள், கதவு, ஜன்னல், தரைகூடப் புதிதாகப் போட்டார்கள். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட ஓவியர் ஜோசஃப் ஸெவர்ன், இந்த இத்தாலியர்கள் எத்தனை குரூரமானவர்கள் என்று நண்பருக்கு எழுதினார். ஸெவர்ன் 1879வரை உயிரோடிருந்தார். பெர்லினில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882 மார்ச் 24.